உபவாசமும் உடலின் உப்புச் சமநிலையும்

(தசலட்சணப் பருவத்தின் தொடக்க நாளன்று திருச்சிராப்பள்ளியில் கூடிய சிராவகர் அவையில், மருங்காபுரி வட்டாரத்தில் பணியாற்றும் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தசலட்சணப் பருவத்தின் பத்து நாள்கள் இன்று தொடங்குகின்றன. நம் இல்லங்களில் சிலர் நாள்தோறும் ஏகாசனம் கொள்வர். சிலர் ஒன்றுவிட்டு ஒரு நாள் உபவாசம் இருப்பர். மனவலிமை மிக்க சிலர் பத்து நாள்களும் உணவை நீக்குவர். நோன்பினால் வரும் ஆன்மப் பயனை எடுத்துரைக்க வல்ல ஆன்றோர் பலர் இங்கே இருக்கின்றனர். அப்பொருளை அவர்களிடமே விட்டுவிட்டு, நோன்பு நோற்கும் உடலைப் பற்றி மட்டும் சிறிது பேச விரும்புகிறேன். நோற்பதற்கு உடலே கருவி. கருவி பழுதுபட்டால் நோன்பும் இடையில் நின்றுபோகும்.

உபவாச நாள்களில் பலரும் நினைப்பது, "தண்ணீர் குடித்தால் போதும், ஒன்றும் ஆகாது" என்பதாகும். இது பாதி உண்மை. உடலுக்கு நீர் வேண்டும். அந்நீரை உரிய இடத்தில் நிறுத்தி வைக்கும் உப்புகளும் வேண்டும். இவ்வொன்றை நினைவில் கொண்டால் நம் வீட்டு முதியோரையும் குழந்தைகளையும் பல இடர்களிலிருந்து காக்கலாம்.

மின்பகுளி என்பது யாது?

உப்பை நீரில் இட்டால் கரைகிறது. கரையும்போது அது சோடியம், குளோரைடு எனும் இருவகை மின்னேற்றத் துகள்களாகப் பிரிகிறது. இத்துகள்களுக்கு அயனிகள் என்று பெயர். இவ்வாறு நீரில் கரைந்து மின்சாரத்தைக் கடத்தவல்ல பொருள்களுக்கு 1834இல் எலக்ட்ரோலைட் என்று பெயரிட்டவர் மைக்கேல் பாரடே. தமிழில் அதனை மின்பகுளி என்கிறோம். கரைந்த உப்பு தானாகவே அயனிகளாகப் பிரிந்து நிற்கிறது என்பதை 1884இல் தம் ஆய்வேட்டில் எடுத்துரைத்தவர் சுவீடன் நாட்டு அர்ரேனியசு. அன்று அவருடைய ஆசிரியர்கள் அதனைப் பெரிதாக மதிக்கவில்லை. பின்னர் 1903இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நம் உடலில் சோடியம், பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம், குளோரைடு, பைகார்பனேட்டு, பாஸ்பேட்டு ஆகியவை முதன்மையான மின்பகுளிகள். இவற்றுள் சோடியம் பெரும்பாலும் உயிரணுவுக்கு வெளியே, இரத்தத்திலும் அதனைச் சூழ்ந்த நீரிலும் இருக்கிறது. பொட்டாசியமோ நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு உயிரணுவுக்கு உள்ளே இருக்கிறது. இவ்வேறுபாட்டை உடல் இடையறாது உழைத்துக் காக்கின்றது. ஒவ்வோர் உயிரணுவின் சுவரிலும் ஒரு நுண்ணிய இறைப்பொறி உண்டு. அது ஒவ்வொரு முறையும் 3 சோடியம் அயனிகளை வெளியேற்றி, 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுத்துக்கொள்கிறது. 1957இல் இதனைக் கண்டறிந்த டென்மார்க்கு நாட்டு ஜென்ஸ் ஸ்கோ, நாற்பது ஆண்டுகளுக்குப் பின் 1997இல் நோபல் பரிசு பெற்றார். நாம் எண்ணுவதும், கை அசைப்பதும், இதயம் துடிப்பதும் இந்த ஏற்ற இறக்கத்தைக் கொண்டே நிகழ்கின்றன.

இரத்தத்தில் இவற்றின் அளவு மிகக் குறுகிய எல்லைக்குள் நிற்க வேண்டும். ஒரு லிட்டருக்குச் சோடியம் 135 முதல் 145 மில்லிமோல் வரையிலும், பொட்டாசியம் 3.5 முதல் 5 மில்லிமோல் வரையிலும் இருப்பதே இயல்பு. சோடியம் மிகக் குறைந்தால் அறிவு மயங்கும், வலிப்பும் வரலாம். பொட்டாசியம் மிகக் குறைந்தாலும் மிகக் கூடினாலும் இதயத்தின் துடிப்பு தடுமாறும். கூடுதலும் கேடு, குறைவும் கேடு என்பதே இங்குள்ள முறை.

கால்சியத்தின் இன்றியமையாமை வெளிப்பட்ட வரலாறு சுவையானது. இலண்டன் மருத்துவர் சிட்னி ரிங்கர், உடலிலிருந்து பிரித்த தவளை இதயத்தை உப்பு நீரில் வைத்துத் துடிக்கச் செய்து ஆராய்ந்து வந்தார். அந்நீர் காய்ச்சி வடித்த நீரில் செய்யப்பட்டது என்று கருதியே 1882இல் முடிவுகளை வெளியிட்டார். உண்மையில் உதவியாளர் குழாய் நீரையே பயன்படுத்தியிருந்தார். வடித்த நீரில் செய்து பார்த்தபோது இதயத் துடிப்பு நின்றுவிட்டது. குழாய் நீரில் இருந்த சிறிதளவு கால்சியமே அதுவரை துடிப்பைத் தாங்கி நின்றது என்பதை அடுத்த ஆண்டு அவர் அறிவித்தார். இன்று மருத்துவமனைகளில் ஏற்றும் ரிங்கர் லாக்டேட் நீர் அவர் பெயரால் வழங்குவதே.

வியர்வையும் உப்பும்

நான் பணியாற்றும் மருங்காபுரி வட்டாரம் வானம் பார்த்த பூமி. காவிரி பாயும் திருவரங்கத்துப் பசுமை அங்கே கிடையாது. சித்திரை வெயிலில் மானாவாரி நிலத்தில் உழைப்பவர் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கு மேலும் வியர்வை சிந்துவதுண்டு. வியர்வை வெறும் நீரன்று. அதனோடு சோடியமும் குளோரைடும் வெளியேறுகின்றன. சட்டை காய்ந்த பின் முதுகில் படியும் வெண்கோடு அவ்வுப்பே ஆகும்.

ஒருமுறை உழவர் ஒருவரைக் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொள்ள, தூக்கி வந்தனர். "தண்ணீர் குடிக்கவில்லையா?" என்று கேட்டதற்கு, "ஒரு குடம் குடித்திருப்பார் ஐயா" என்றார் உடன் வந்தவர். இழந்தது நீரும் உப்பும்; ஈடு செய்ததோ நீர் மட்டும். எஞ்சியிருந்த உப்பும் அதனால் மேலும் நீர்த்துப்போயிற்று. உப்பிட்ட கஞ்சியும் மோரும் ஓய்வுமே அவருக்கு மருந்தாயின.

உப்பு எளியோரின் உயிர்ப்பொருள் என்பதை நம் திருச்சிராப்பள்ளி நன்கு அறியும். 1930 ஏப்ரல் 13ஆம் நாள் இந்நகரிலிருந்துதான், மருத்துவர் டி.எஸ்.எஸ். இராஜன் அவர்களின் இல்லத்திலிருந்து, இராஜாஜியின் தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் வேதாரணியத்திற்குப் புறப்பட்டனர். சுமார் 150 மைல் நடந்து 28ஆம் நாள் அங்கே சேர்ந்து, தடையை மீறி உப்பு எடுத்தனர். வெயிலில் உழைப்பவனுக்கே உப்பு மிகுதியாகத் தேவை; ஆகவே உப்பின்மேல் விதித்த வரி அவன்மேலேயே பெரிதும் விழுந்தது. மருத்துவம் கூறும் உண்மையும் அந்த அறப்போராட்டத்தின் நியாயமும் இங்கே ஒன்றாகின்றன.

உபவாசத்தில் உடலில் நிகழ்வது

இனி நோன்புக்கு வருவோம். உணவு நின்ற முதல் நாளில், கல்லீரலில் சேமித்து வைத்த மாச்சர்க்கரையை உடல் செலவிடுகிறது. அச்சர்க்கரையோடு பிணைந்திருந்த நீரும் விடுபடுகிறது. உணவு இல்லாமையால் இன்சுலின் குறைகிறது; அப்போது சிறுநீரகம் சோடியத்தை வழக்கத்தைவிட மிகுதியாக வெளியேற்றுகிறது. சோடியம் செல்லும் வழியே நீரும் செல்லும். முதல் சில நாள்களில் எடை விரைந்து குறைவதற்குப் பெருங்காரணம் இதுவே. கொழுப்பு கரைவது அன்று. எழுந்து நிற்கும்போது கண் இருளுதல், தலைவலி, தளர்ச்சி ஆகியனவும் பெரும்பாலும் இதனாலேயே வருகின்றன. நாள்கள் செல்லச் செல்லச் சோடியத்தைச் சிக்கனமாகக் காக்கச் சிறுநீரகம் கற்றுக்கொள்கிறது. ஆனால் பொட்டாசியத்தை அவ்வளவு திறமையாகக் காக்க அதனால் இயலாது. அது சிறுகச் சிறுக வெளியேறிக்கொண்டே இருக்கும்.

நல்ல உடல்நலம் உடையவர் ஒரு நாள் உபவாசத்தைத் தாங்குவது அரிதன்று. அட்டமி, சதுர்த்தசி நாள்களுக்கு நம் முன்னோர் வகுத்த புரோஷதோபவாசத்தின் அமைப்பை எண்ணிப் பாருங்கள். முதல் நாள் ஒருவேளை உணவு. இரண்டாம் நாள் முழு உபவாசம். மூன்றாம் நாள் மீண்டும் ஒருவேளை உணவு. சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதன் வழிவந்த தமிழ் நூலாகிய அருங்கலச்செப்பும் இல்லறத்தார்க்கு உரைக்கும் நோன்புகளுள் இதுவும் ஒன்று. இதன் நோக்கம் ஆன்ம ஒழுக்கமே. ஆயினும், படிப்படியாக இறங்கிப் படிப்படியாக ஏறும் இம்முறை உடலுக்கும் இசைந்தது என்று மருத்துவனாக நான் சொல்ல முடியும்.

இடர் எங்கே வருகிறது? எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் அறுபது வயதைக் கடந்த ஒரு தாயார் இருந்தார். இரத்த அழுத்தத்திற்காக, சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை ஒன்றை நாள்தோறும் உட்கொண்டு வந்தார். நோன்புக் காலத்தில் உணவை நிறுத்தினார், மாத்திரையை நிறுத்தவில்லை. தலை சுற்றுகிறது என்று மகளிடம் சொன்னால் நோன்பை நிறுத்திவிடுவார்களே என்று அஞ்சி, யாரிடமும் சொல்லாமல், கொதித்தாறிய நீரை மட்டும் மேலும் மேலும் பருகினார். மூன்றாம் நாள் பகலில் அவர் பேசாமல் ஓரிடத்தைப் பார்த்தபடி அமர்ந்திருந்தார். தியானத்தில் இருக்கிறார் என்று எண்ணி வீட்டார் ஒதுங்கிச் சென்றனர். மாலையில் பேரனின் பெயரைக்கூட அவரால் சொல்ல இயலவில்லை. பரிசோதித்தபோது இரத்தத்தில் சோடியம் 118ஆக இருந்தது. உணவில்லை, மாத்திரை உப்பை வெளியேற்றியது, பருகிய வெறும் நீர் எஞ்சியதையும் நீர்க்கச் செய்தது. இத்தகைய நிலையில் சோடியத்தை விரைந்து ஏற்றினாலும் மூளைக்குக் கேடு. ஆதலால் சில நாள்கள் மருத்துவமனையில் வைத்து மெல்ல மெல்ல ஏற்றினர். அவர் நலம் பெற்றார். ஆனால் அந்த மாலைப் பொழுதில் வீட்டார் பட்ட வேதனையை என்னால் மறக்க இயலவில்லை.

அவருடைய நோன்பில் குறையில்லை. அதனை முன்கூட்டியே பேசிக்கொள்ளாததே குறை. ஆகவே மூன்று பணிகளைப் பணிவுடன் வேண்டுகிறேன்.

முதலாவது, நோன்பு ஏற்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை, இதய நோய், சிறுநீரக நோய் ஆகியவற்றிற்கு மருந்து உண்போர் தாமாக மருந்தை நிறுத்தவும் வேண்டாம். உண்ணாமல் இருந்துகொண்டு அதே அளவில் தொடரவும் வேண்டாம். எதை நிறுத்துவது, எதைக் குறைப்பது என்பதை மருத்துவரே கூற வேண்டும்.

இரண்டாவது, நீரில் சிறிது உப்பைச் சேர்த்துப் பருகுவது தாம் ஏற்கும் நோன்பின் விதிக்குப் பொருந்துமா என்பதை, நோன்பு அளிக்கும் பெரியோரிடம் முதலிலேயே கேட்டுத் தெளியுங்கள். காந்தியடிகள் தம் நெடிய உண்ணாநோன்புகளின்போது நீரில் உப்போ சோடா உப்போ சேர்த்துக்கொள்ள இடம் வைத்திருந்தார் என்பது வரலாறு. நம் விதி அதற்கு இடம் தராதெனில், உடல் தளர்ந்தோர் உபவாசத்திற்கு மாறாக ஏகாசனத்தை ஏற்கலாம். ஆற்றலுக்கேற்ற தவமே தவம் என்பது நம் ஆன்றோர் மரபு. கருவுற்ற பெண்கள், பாலூட்டும் தாய்மார், சிறுவர், சிறுநீரக நோயாளர், இன்சுலின் இட்டுக்கொள்வோர் ஆகியோர் முழு உபவாசத்தைத் தவிர்ப்பதே நன்று.

மூன்றாவது, நோன்பிருப்பவரை வீட்டார் தனியே விடாதீர்கள். பேச்சுக் குழறுதல், ஆள் தெரியாமை, இடைவிடாத வாந்தி, நெஞ்சு படபடப்பு, எழ இயலாத தளர்ச்சி, பகல் முழுதும் சிறுநீர் பிரியாமை ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

பாரணையில் வேண்டும் பொறுமை

பாரணையில் உள்ள இடரைப் பலர் அறியார். இரண்டாம் உலகப் போரின் முடிவில், சிறைமுகாம்களில் நெடுநாள் பட்டினி கிடந்து மீண்ட போர்க்கைதிகளுக்கு நிறைவாக உணவு அளித்தபோது, அவர்களுள் சிலர் உண்ட பின் இதயத் தளர்ச்சியுற்று மாண்டனர். காரணம் பின்னர் விளங்கிற்று. நெடுநாள் உண்ணாதிருந்தவர் திடீரென மாவும் சர்க்கரையும் மிகுதியாக உண்டால் இன்சுலின் பெருகுகிறது. அது இரத்தத்திலுள்ள பொட்டாசியம், பாஸ்பேட்டு, மக்னீசியம் ஆகியவற்றை உயிரணுக்களுக்குள் ஒருசேரத் தள்ளிவிடுகிறது. இரத்தத்தில் அவை வீழ்ச்சியடைய, இதயமும் மூச்சுத் தசையும் தளர்கின்றன.

ஐந்து நாள்களுக்கு மேல் ஏறத்தாழ உணவே இன்றி இருந்தவர், முதல் இரண்டு நாள்களுக்கு வழக்கமான உணவில் பாதியைத் தாண்டக்கூடாது என்பது மருத்துவ வழிகாட்டல். பத்து நாள் உபவாசம் இருந்தோரும், உடல் மெலிந்தோரும் அதனினும் குறைவாக, மருத்துவர் மேற்பார்வையில் தொடங்க வேண்டும். நம் வீடுகளிலோ, பாரணை நாளில்தான் பாயசமும் இனிப்பும் உற்றார் அன்பும் ஒருங்கே வந்து குவிகின்றன! அன்று முதலில் உப்பிட்ட பாசிப்பருப்புக் கஞ்சி, சிறிது மோர், வாழைப்பழத் துண்டு எனச் சிறுகச் சிறுகக் கொடுப்பதே உண்மையான உபசாரம். ஆதிபகவன் நெடுநோன்பு முடித்தபோது அத்தினாபுரத்தில் சிரேயாம்ச மன்னன் அளித்தது கரும்புச் சாறு. கைகளில் ஏந்திப் பருகிய அந்த எளிய பாரணையின் அடக்கத்தை நாமும் பின்பற்றலாம்.

வயிற்றுப்போக்கும் உயிர்காக்கும் கரைசலும்

நோன்பு இல்லாத நாள்களில் மின்பகுளி இழப்பால் வரும் பேரிடர் வயிற்றுப்போக்கு. இதில் இந்திய மருத்துவர் ஒருவரின் பணி உலகையே வழிநடத்திற்று. 1971இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகள் பெருந்திரளாக மேற்கு வங்கத்தின் பன்காவ்ன் நகருக்கு வந்தபோது, காலரா பரவிற்று. நரம்பு வழியே ஏற்றும் உப்புநீர் போதவில்லை. மருத்துவர் திலீப் மகாலனாபிஸ், சமையல் உப்பு, சோடா உப்பு, குளுக்கோசு ஆகிய மூன்றையும் அளவோடு கலந்து, நீரில் கரைத்து வாய்வழியே பருகச் செய்தார். நோயாளரின் உறவினர்களே அதனைக் குவளையில் ஊட்டினர். நூற்றுக்கு முப்பது அளவில் இருந்த இறப்பு 3.6ஆகக் குறைந்தது. 2023இல், அவர் மறைந்த பின், பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

இதன் நுட்பம் எளியது. வயிற்றுப்போக்கின்போதும் குடல், சர்க்கரையும் சோடியமும் சேர்ந்து வந்தால் இரண்டையும் உள்ளே ஏற்றுக்கொள்கிறது. நீர் அவற்றைத் தொடர்ந்து செல்கிறது. ஆகவே சர்க்கரை சுவைக்காக மட்டும் சேர்க்கப்படுவதன்று.

ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒவ்வொரு வீட்டிலும் வைத்திருங்கள். அதில் குறித்த அளவு நீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும்; 24 மணி நேரத்திற்குப் பின் எஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். பொட்டலம் இல்லையெனில், கொதித்தாறிய நீர் ஒரு லிட்டரில் தலைதட்டிய 6 தேக்கரண்டிச் சர்க்கரையும் தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். உப்பு மிகுந்தால் குழந்தைக்குத் தீங்கு. கைக்கணக்கில் அள்ளிப் போடாதீர்கள். ஒவ்வொரு முறை வயிறு போன பின்னும், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மி.லி., அதற்கு மேற்பட்ட சிறுவர்க்கு 100 முதல் 200 மி.லி. கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம்.

"சூரியன் மறைந்த பின் கொடுக்கலாமா?" என்று ஓர் இளம் தாய் என்னிடம் கேட்டார். குழந்தை எந்த நோன்பையும் ஏற்றதில்லை. வயிற்றுப்போக்கு இரவை அறிந்து நிற்பதும் இல்லை. ஓர் இரவு தாமதித்தால் குழந்தையின் கண்கள் குழிவிழுந்து உயிர் ஊசலாடும். அது உணவன்று, மருந்து. உயிரைக் காப்பதே அகிம்சை. தயங்காமல் கொடுங்கள் என்றேன்.

அன்றாட உணவில்

கிழங்குகளை நீக்கிய நம் உணவில் பொட்டாசியம் குறையுமோ என்று சிலர் ஐயுறுவர். குறையாது. பருப்பு வகைகள், கீரை, வாழைப்பழம், இளநீர், தயிர் ஆகியவற்றிலிருந்து வேண்டிய அளவு பெறலாம். எள், கேழ்வரகு, பால் ஆகியன கால்சியம் தரும். நிலக்கடலையும் முழுத் தானியங்களும் மக்னீசியம் தரும். இரவு கடந்த நீராகாரத்தை விலக்குவோர், அன்று வடித்த கஞ்சியில் உப்பிட்டு மோர் கலந்து அருந்தினால் அதே பயன் கிடைக்கும். சிறுநீரக நோயாளர் மட்டும் இளநீரையும், பொட்டாசியம் சேர்த்து விற்கப்படும் மாற்று உப்பையும் மருத்துவரைக் கேளாமல் தொடக்கூடாது. வெளியேற வழியின்றிப் பொட்டாசியம் தேங்கினால் இதயமே நின்றுவிடக்கூடும்.

உப்பு இன்றியமையாதது என்று இதுவரை கூறியதைக் கேட்டு, அப்பளத்தையும் ஊறுகாயையும் வற்றலையும் மிகுத்துவிட வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனம் கூறும் எல்லை நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவு. அதாவது எல்லா உணவிலும் சேர்த்து ஒரு தேக்கரண்டிக்குள். நம் வீடுகளில் இரத்த அழுத்தம் பெருகுவதற்கு மிகை உப்பும் ஒரு காரணம்.

பெரியோர்களே! இத்திருச்சிராப்பள்ளிக் குன்றின் மேலும், அருகிலுள்ள சித்தன்னவாசலின் ஏழடிப்பட்டத்திலும், நம் துறவியர் தவம் செய்த கற்படுக்கைகளை இன்றும் காண்கிறோம். அவர்கள் உடலைப் பகையாகக் கருதவில்லை. பற்றின்றி, ஆனால் விழிப்போடு அதனை நடத்தினர். இல்லறத்தாராகிய நமக்கும் அந்த விழிப்பே வேண்டும். இன்று இல்லம் திரும்பியதும், நோன்பேற்றிருக்கும் அன்னையிடமோ தந்தையிடமோ அருகில் அமர்ந்து, என்னென்ன மாத்திரை உண்கிறார்கள் என்று கேளுங்கள். "நோன்பை நிறுத்தச் சொல்லவில்லை, உடன் இருக்கவே கேட்கிறோம்" என்று சொல்லுங்கள். அப்போது அவர்கள் தளர்ச்சியை மறைக்க மாட்டார்கள்.

பத்து நாள் நோன்பும் இடையூறின்றி நிறைவுற்று, எல்லா இல்லங்களிலும் நலம் பெருகுக என்று வாழ்த்தி அமைகிறேன். ஜெய ஜினேந்திரா. வணக்கம்.